அம்மம்மாவின் பதினேழு கசற்றுகள்

அப்பா இறந்து எட்டு மாதங்கள் கழிந்த பின்னர், சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் உள்ள எங்கள் வீட்டின் நிலவறையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு பிஸ்கற் தகரத்தைத் தூக்கி என் கையில் தந்தார். அதற்குள் பதினேழு கசற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அப்பா தமது சாய்ந்த எழுத்தில் ஒரு தமிழ் மாதத்தையும் ஓர் ஆண்டையும் எழுதியிருந்தார்: பங்குனி 91, ஆடி 91, ஐப்பசி 93, ஆடி 96. அவை கசற் வந்து சேர்ந்த மாதங்கள் அல்ல. அம்மம்மா பேசத் தொடங்கும்போது முதலிற் சொல்லும் மாதங்கள். பேசியது சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர இரண்டு மாதமும் ஆகும், ஐந்து மாதமும் ஆகும். அத்தனையையும் ஒரு கடையிற் கொடுத்துக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, இந்த ஆனி மாதம் ஊருக்கு வந்திருக்கிறேன். இதை எழுதுவது அந்தக் கசற்றுகளிற் பெரும்பாலானவை பதிவான அதே விறாந்தையில் இருந்துதான்.

ஊர் என்று நான் சொல்வது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்கு அயலில் உள்ள ஒரு சிற்றூர். சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, அது படும் வயற்பக்கம் படுவான்கரை என்று எங்கள் முன்னோர் வாவியை நடுவில் வைத்து நாட்டைப் பிரித்தார்கள். போர் அந்தப் பிரிப்பை இன்னும் ஆழமாக வெட்டியது. என் பிள்ளைப் பருவத்தில் எழுவான்கரை அரச படையினரிடமும் படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகள் இயக்கத்திடமும் இருந்தன. மண்முனைத் துறையில் 'பாதை' ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். மட்டக்களப்பாருக்குப் பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. 2014 இல் அவ்விடத்திற் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. இம்முறை ஆட்டோவில் வந்தபோது, பாலத்தின் நடுவில் நிற்பாட்டச் சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் சோதனை முடிந்து கடந்துபோக அரைநாள் ஆகும்.

இந்த வீடு அம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். கலியாணம் முடித்தவுடன் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். குடியும் தாய்வழியிலேயே வரும். 'நீ என்ன குடி?' என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்லவேண்டும். அம்மம்மாவின் சொந்தத் தம்பி மகன்தான் அப்பா என்றபடியால், அம்மம்மாவுக்கு அவர் பிறந்த நாளிலிருந்தே மருமகன். இந்த முறையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சுவிற்சர்லாந்தின் பத்திரங்களில் எனக்குக் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் தகப்பனுடைய பெயர். அவர் 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு முன்பே இறந்துபோனவர். நான் அவரைக் கண்டதில்லை. வகுப்பாசிரியர் முதல் பல்வைத்தியர் வரை எல்லோரும் என்னை அவருடைய பெயராலேயே அழைத்தார்கள். எனக்குக் குடியையும் வீட்டையும் கதைகளையும் தந்த அம்மம்மாவின் பெயரோ எந்தப் படிவத்திலும் கேட்கப்படவில்லை.

கசற்றுக்கு வருகிறேன். அப்பா 1990 இன் கடைசியில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஓர் ஏஜென்சிக்காரர் மூலம் சுவிற்சர்லாந்து போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒன்றரை வயது. எங்கள் ஊரில் தொலைபேசி இல்லை. கடிதம் எழுதலாம், ஆனால் அம்மம்மாவுக்கு எழுத வராது, அம்மா எழுதினால் 'நலம், நலமறிய அவா' என்பதற்கு அப்பால் நகரமாட்டார். ஆகவே எங்களிடம் இருந்த நஷனல் ரேடியோ கசற் உதவிக்கு வந்தது. சிவப்புப் பொத்தானையும் அதற்கு அடுத்த பொத்தானையும் ஒன்றாக அழுத்தவேண்டும் என்பதைப் பெரியப்பா அம்மம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்தார். நிறுத்துவது எப்படி என்பதை அம்மம்மா கடைசிவரை பழகவே இல்லை. பேசி முடித்தபின் யாராவது வந்து நிறுத்தும்வரை கோழிகளும் காற்றும் பதிவாகிக்கொண்டிருக்கும். அப்பா அந்த வெறும் பகுதியையும் விடாமற் கேட்பாராம்.

பெரிய சிக்கல் பற்றறி. பாதைத் துறையின் சாவடியில் பற்றறிக்கும் உரத்துக்கும் இன்னும் பல சாமான்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. பழைய எவரெடிகளைக் கூரை ஓட்டில் வைத்து மூன்று நாள் வெயிலிற் காயவிட்டால் அரைமணி நேரத்துக்கு உயிர் வரும். உயிர் குறையக் குறைய இயந்திரம் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை அப்பா அங்கே ஒழுங்கான மின்சாரத்திற் போட்டுக் கேட்கும்போது, குரல் விரைந்து உயர்ந்து குஞ்சுக் குரலாகும். ஒவ்வொரு கசற்றிலும் அம்மம்மா முதலில் அறுபது வயதுப் பெண்ணாகத் தொடங்கி, இருபதாவது நிமிடத்தில் பத்து வயதுச் சிறுமியாகி முடிக்கிறார். அறையில் இருந்த மற்றப் பெடியன்கள் சிரிப்பார்களாம். அப்பா அந்தச் சிரிப்பை அவர்களுக்கு மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை; முப்பது வருடங்களுக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது அவருடைய முகம் இறுகும்.

கசற்றைச் சம்பளம் எடுக்க மாதாமாதம் டவுணுக்குப் போகும் ஓர் ஆசிரியை தமது கைப்பையில் வைத்துக் கொண்டுபோவார். அங்கிருந்து யாராவது கொழும்புக்குப் போகும்வரை அது காத்திருக்கும். சாவடியில் 'போட்டுக் காட்டு' என்று கேட்கலாம், இந்தப் பக்கத்தில் இயக்கப் பெடியன்களும் கேட்கலாம், சுவிஸில் நாலு பேர் ஒன்றாகத் தங்கியிருக்கும் அறையில் எல்லோரும் கேட்பார்கள். இத்தனை காதுகளைத் தாண்டி ஒரு மனைவி தன் கணவனோடு என்ன பேசமுடியும்? பதினேழு கசற்றிலும் அம்மாவின் குரல் மொத்தமாக நான்கு நிமிடம்கூட வராது. 'சுகமா இருங்க. குளிருக்கு உடுப்புப் போடுங்க. புள்ள சுகம்.' அவ்வளவுதான். அவர்கள் இருவரும் பத்து வருடங்களை இந்த நான்கு நிமிடத்தில் வாழ்ந்தார்கள்.

அம்மம்மாவின் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மாதமும் நாளும். அடுத்து, 'மருமகன், இஞ்ச நாங்க எல்லாரும் சுகமா இருக்கம்' என்ற ஒரு வரி. அதன் பின்னர் ஊர்க் கணக்கு: யார் யார் சுகம் என்று வீடு வீடாக, வேலிக்கு வேலி, வளவின் கிழக்கு மூலையிலிருந்து தொடங்கிக் கண்ணகி அம்மன் கோயில் ஒழுங்கைவரை ஒரு சுற்று. 'பரிகாரியார் சுகம். கொல்லன்ட மகள் சுகம், பொடியன் பிறந்திருக்கு. தோணிக்காரர் சுகம்.' அது முடிந்தால் மாடுகள். எந்தப் பசு கன்று போட்டது, கன்றின் நிறம் என்ன, நெற்றியிற் சுட்டி உண்டா, எத்தனை போத்தல் பால் என்பவை ஒன்றுவிடாமல் வரும். அப்பா இந்த மாட்டுக் கணக்கை ஒரு சிறு கொப்பியிற் குறித்துவந்தார். உணவகத்திற் கோப்பை கழுவிவிட்டு நள்ளிரவில் வந்து, பட்டியில் இப்போது பத்தொன்பது, இப்போது இருபத்து மூன்று என்று கூட்டிப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பினால் தயிர் வியாபாரத்தை வைத்துக்கூடப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய தீர்மானம்.

ஊர்க் கணக்கை அப்பா கேட்ட முறை வேறு. வந்த பெயர்களை அல்ல, வராத பெயர்களைத்தான் அவர் கேட்டார். அம்மம்மா ஒருபோதும் 'இன்னார் செத்துப்போனார்' என்று சொன்னதில்லை. சுற்று ஒழுங்காக வரும். ஒரு வேலியைத் தாண்டியதும் அடுத்த வீட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றுவிடும். அப்போது டொக், டொக், டொக் என்று வெற்றிலை உரலில் பாக்கு இடிபடும் ஓசை கேட்கும். பிறகு அம்மம்மா செருமிக்கொண்டு அதற்கு அடுத்த வீட்டைச் சொல்வார். உரல் இடிபட்ட வீடு எது என்று அப்பாவுக்குத் தெரியும். அது ஆணா பெண்ணா, மூத்தவரா பிள்ளையா என்பது மட்டும் தெரியாது. அதை அறிய இன்னொரு வழியில் அடுத்த செய்தி வரும்வரை காத்திருக்கவேண்டும்.

ஆடி 91 கசற்றை நான் முதன்முறையாக முழுதாகக் கேட்டது போன கிழமை. அந்த ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி, ஒரு கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து, கொக்கட்டிச்சோலையிலும் மகிழடித்தீவிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி நியமித்த விசாரணை ஆணைக்குழு 67 பேர் என்று கணக்கிட்டது. ஊரவர்கள் 152 என்கிறார்கள். அந்தக் கசற்றில் ஊர்க் கணக்கு மூன்று நிமிடமும் உரலோசை அதைவிடக் கூடவும் இருக்கிறது. ஓரிடத்தில் பின்னால் நான் அழுகிறேன். எனக்கு அப்போது இரண்டு வயது. எதற்காக அழுதேனோ தெரியாது, பெரும்பாலும் பசியாக இருக்கும்.

அதே மாதம், ஆனால் 96 இல் பதிவான கசற்றில், கணக்கின் நடுவே தூரத்தில் ஒரு முழக்கம் கேட்கிறது. பிறகு கிட்டவாக இன்னொன்று. அம்மம்மா பேச்சை முறிக்காமல், 'வானம் இடிக்குது மனே, மழை இருட்டிக்கொண்டு வருது, நான் மறுகாப் பேசுறன்' என்கிறார். மருமகன் என்று கூப்பிடுகிற மரியாதை அந்த ஓர் இடத்தில் மட்டும் நழுவி, சிறுபிள்ளையாய்த் தாம் தூக்கி வளர்த்தவனை அழைக்கும் 'மனே' வந்துவிடுகிறது. மட்டக்களப்பில் ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும், வயல் வெடிக்கும், கிணறு அடியைக் காட்டும். மாரிமழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். அப்பா கமக்காரன் மகன். ஆடியில் இப்படி இடிக்கும் வானம் எது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அம்மம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே ஒருவர் சொல்ல, தெரிந்துகொண்டே மற்றவர் நம்பினார்.

இந்தப் பேச்சுமுறையில் வளர்ந்த ஒருவர், எல்லாவற்றையும் நாள் மணி தவறாமல் வரிசையாகச் சொல்லவேண்டிய ஒரு மேசைக்கு முன்னால் இருத்தப்பட்டதைப் பற்றியும் எழுதவேண்டும். அப்பாவின் அகதி விசாரணைப் பதிவின் பிரதியை எனது பதினேழாவது வயதில் வாசித்தேன். அதில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, சரிதான் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம் வாங்குவது அங்குள்ள முறை. முதல் விசாரணையில், தம்பி எப்போது காணாமற்போனார் என்று கேட்கிறார்கள். அப்பா 'ஆவணி' என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஓகஸ்ட் என்று சொல்ல, ஓகஸ்ட் என்று பதிவாகிறது. பல மாதங்கள் கழித்து நடந்த இரண்டாம் விசாரணையில், யாரோ விபரம் தெரிந்தவர் 'இங்கிலிஷ் மாதத்திற் சொல்லுங்கோ' என்று சொல்லிக்கொடுத்ததால், செப்டெம்பர் முதற் கிழமை என்கிறார். தம்பி காணாமற்போனது ஓகஸ்ட்டிலா செப்டெம்பரிலா என்பதில் முரண்பாடு இருப்பதாக நிராகரிப்புக் கடிதம் சொல்கிறது. ஆவணி மாதம் ஓகஸ்ட் நடுவிலே தொடங்கிச் செப்டெம்பர் நடுவரை ஓடும் என்ற ஒரு சிறு விடயம் அந்த அறையில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை, கடிதத்தைக் கேட்டதும், தாம்தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக அவர் நினைத்தார்.

1990 செப்டெம்பர் முதற் கிழமை மட்டக்களப்பாருக்கு மறக்கக்கூடிய கிழமை அல்ல. 5 ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் 184 பேர் கொல்லப்பட்டார்கள். எங்கள் சித்தப்பாவும் அந்த நாட்களில் ஒன்றில் வெளியே போனவர், வீட்டுக்கு வரவில்லை. எந்த நாள், எந்த இடம் என்று எங்கள் குடும்பத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பங்குனி 91 கசற்றில், முதல் உரலோசை அவர் பெயர் வரவேண்டிய இடத்திற் கேட்கிறது.

இன்னொரு பெயரும் அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்கு உரலும் இடிபடவில்லை. காத்தான்குடியிலிருந்து சைக்கிளிற் துணிக்கட்டுடன் பாதை ஏறி வரும், காக்கா என்று நாங்கள் அழைக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தாராம். அம்மம்மாவுக்குக் கடனுக்குச் சேலை கொடுப்பவர், இங்கே வெல்லச் சோறும் தயிரும் சாப்பிட்டுவிட்டுப் போபவர். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை இயக்கம் சுட்டுக் கொன்றது. அதன் பிறகு அவர் இந்தக் கரைக்கு வரவில்லை. இருந்தாரா இல்லையா என்று எங்களில் எவரும் போய் விசாரிக்கவும் இல்லை. எங்களுக்கு நடந்தவற்றை நாளும் எண்ணிக்கையும் வைத்துச் சொல்லும் நாங்கள், அந்தச் சைக்கிள் வராமற்போனதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மம்மா மீது எனக்குக் குறை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அப்பாவும் கேட்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மேன்முறையீடு, மறுபடி நிராகரிப்பு, தற்காலிக அனுமதி, வருட அனுமதி என்று அப்பாவின் வழக்கு நகர்ந்து, 2000 ஆம் ஆண்டு அம்மாவும் நானும் அங்கே போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்தில் நின்ற மெலிந்த மனிதரை எனக்குத் தெரியவில்லை. அவருக்கோ என் குரல் தெரிந்திருந்தது. கசற்றிற் குஞ்சுக் குரலிற் தேவாரம் பாடிய பிள்ளை இவ்வளவு தடித்த குரலில் 'அப்பா' என்கிறதே என்று அவர் திடுக்கிட்டதாக அம்மா சொல்வார்.

பீல் இரண்டு மொழி நகரம். தெருப்பெயர்ப் பலகைகளில் ஜேர்மனும் பிரெஞ்சும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அங்கேயும் ஊருக்கு அருகில் ஒரு பெரிய ஏரி. இரண்டு கரைகளுக்கு இடையில் வளர்ந்த எனக்கு அது அவ்வளவு புதுமையாக இருக்கவில்லை. என்னைத் திகைக்க வைத்தது, வகுப்பில் ஆசிரியை பேசிய ஜேர்மனும் விளையாட்டுத் திடலிற் பிள்ளைகள் பேசிய ஜேர்மனும் வேறு வேறாக இருந்ததுதான். எழுதுவது ஒன்று, வாயில் வருவது ஒன்று. நன்றிக்குப் புத்தகத்தில் ஒரு சொல், கடையில் 'மெர்சி'. இதை எங்கள் வகுப்பில் மற்றெந்த வெளிநாட்டுப் பிள்ளையையும்விட நான் விரைவாகப் பிடித்துக்கொண்டேன். தமிழ்ப் பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

தடுக்கி விழுந்தது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில். முதல் நாள், 'மறுகா என்ன நடந்தது எண்டா' என்று நான் ஒரு கதையைத் தொடங்கினேன். வகுப்பு சிரித்தது. 'பிறகு என்று சொல்லவேண்டும்' என்று ஆசிரியர் திருத்தினார். 'ஒண்ணா' என்றால் 'ஏலாது' என்று சொல்லவேண்டும்; 'கிறுகு' என்றால் 'திரும்பு'. பிள்ளைகளில் அநேகர் வடக்கைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பேசியதே அங்கு தமிழாக இருந்தது. 'நீங்கள் சிங்களமா?' என்றுகூட ஒருத்தி கேட்டாள். கேலியாக அல்ல, உண்மையாகவே. சுவிஸ்காரருக்கு நான் தமிழ்ப்பெண், தமிழருக்கு நான் மட்டக்களப்பாள் என்று பன்னிரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். வாரம் முழுதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டுச் சனிக்கிழமை சம்பளமில்லாமல் எங்களுக்கு ஆத்திசூடி படிப்பித்தவர். ஆனாலும் 'மறுகா' என்ற சொல்லை நான் அதன் பிறகு பல வருடங்கள் வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை. இப்போது எழுத்திற் சொல்கிறேன்.

நான் போன பிறகும் கசற்றுகள் வந்தன. ஆனால் இப்போது கேட்கும் பக்கத்தில் நான் இருந்தேன். 2001 மார்கழியிற் கிடைத்த கசற்றில் 'புரட்டாதி 2001' என்று அப்பா எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு படுவான்கரையில் வீட்டுக்கு ஒரு பிள்ளை தரவேண்டும் என்று இயக்கம் கேட்டுக்கொண்டு திரிந்தது. என்னை அவசரமாக அழைத்துக்கொள்ள அப்பா துடித்ததற்கும் இந்தப் பயம் ஒரு காரணம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் மூவர்; நடுவில் உள்ளவர் என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா. இதே வளவில் பக்கத்து வீடு. ஒரே கிணறு, ஒரே கண்ணாடி, ஒரே பாய். பீலில் குசினி மேசையைச் சுற்றி அப்பாவும் அம்மாவும் நானும் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மம்மா சொன்னார்: 'மூத்தவள்ர புள்ளையள் ரெண்டும் சுகம்.' பிறகு டொக், டொக், டொக். அப்பா சுட்டுவிரலை உயர்த்தினார். அவர் உயர்த்துவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு மறுநாள் கணிதச் சோதனை இருந்தது. அதை நான் நன்றாகவே எழுதினேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அக்கா திரும்பி வந்தார். 2004 இல், கிழக்கில் இயக்கம் இரண்டாகப் பிளந்து, பிரிந்த அணி தன் படையைக் கலைத்து அனுப்பியபோது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெரிய சட்டைகளோடும் வெட்டிய தலைமயிரோடும் வீடுகளுக்கு நடந்தார்கள். அவர்களில் ஒருவராக அவரும் கொக்கட்டிச்சோலைத் தெருவால் நடந்து வந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. 2007 பங்குனியில் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்தபோது அம்மம்மாவைத் தோளிற் பிடித்து நடத்திக்கொண்டு போனவரும், சில மாதங்களின் பின் மீளக் குடியேறியபோது திரும்பக் கூட்டி வந்தவரும், 2011 இல் அம்மம்மா கண்ணை மூடும்போது அருகில் இருந்தவரும் அக்காதான். நான் பீலில் இருந்து பணம் அனுப்பினேன்.

முந்தாநாள் பின்னேரம் இந்த விறாந்தையில் அக்காவுக்கு அந்தக் கசற்றைப் போட்டுக் காட்டினேன். காட்டலாமா என்று இரண்டு நாட்களாக யோசித்தபடியே இருந்தேன். அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். 'ரெண்டும் சுகம்' என்ற இடம் வந்தது. சுளகு நின்றது.

'ரெண்டாம்' என்றார் அக்கா. 'கிழவி என்னக் கழிச்சுப் போட்டா.' பிறகு சிரித்தார். அப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உரல் இடிபட்டது. அக்கா தலையைச் சரித்துக் கேட்டார்.

'இது என்ன சத்தம்?'

'வெற்றிலை உரல். அம்மம்மா பாக்கு இடிக்கிறா.'

'அவக்கு எதுக்கு உரல்? சாகும்வரைக்கும் கொட்டைப்பாக்கப் பல்லால கடிச்ச மனிசி. உரல் பூட்டியின்ட சாமான். சும்மா மூலையில கிடந்தது.'

நான் பேசாமல் இருந்தேன். பதினொரு வயதுவரை அம்மம்மாவோடு இருந்தவள் நான். அம்மம்மா பாக்கு இடிப்பதை என் கண்ணாற் கண்டதாகவே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எங்கே கண்டேன் என்று இப்போது தேடிப் பார்த்தால், அந்த நஷனல் ரேடியோவின் சிவப்புப் பொத்தான் அமர்ந்திருக்கும் நேரங்களைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

கைப்பேசியில் அம்மம்மா செருமிக்கொண்டு மாடுகளுக்கு வந்துவிட்டார். பற்றறி இறங்கத் தொடங்கியிருந்தது. குரல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. செவலைப் பசு போன கிழமை கன்று போட்டதாம். அப்பாவின் கொப்பியில் இந்த வரியைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் 31 என்று எழுதிக் கோடிட்டிருக்கிறார்.

அக்கா மறுபடி புடைக்கத் தொடங்கினார். 'அந்த வருசம் நம்மட பட்டியில மாடே இல்ல, புள்ள' என்றார், சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல். 'உங்கட பயணத்துக்கு எல்லாத்தையும் வித்தாச்சே.'

அம்மம்மா சிறுமிக் குரலிற் கன்றின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.